வெங்காயத்தால் ஒரு மலை

கடுகண்ணாவ ஏற்றத்தில்
இரண்டாம் கியரும் தோற்று
முதலாம் கியருக்கு இறங்கியபோது
பின்னால் வந்த கண்டி பஸ்
ஒரு ஹோர்ன் அடித்தது.
எட்டு மாதமாகிறது.
இன்னும் என் வலது காதில் இருக்கிறது அது.

ஏசியை நிறுத்தியிருந்தேன்.
கண்ணாடிகளை இறக்கியிருந்தேன்.
"நான் வேணுமெண்டா இறங்கி நடக்கட்டோ அத்தான்?"
என்றான் சுகிர்தன்.
பகிடிதான்.
நடந்திருந்தால் எங்களுக்கு முதல் போய்ச் சேர்ந்திருப்பான்.

வண்டியின் பெயர் கொறோனா.
சிரிக்க வேண்டாம்.
நோய் வருவதற்கு முப்பது வருடம் முந்தியே
அந்தப் பெயர் எங்கள் வாசலில் நின்றது.
இரண்டாயிரம் சிசி, டீசல்.
களைக்காது. அவசரமும் படாது.
கச்சேரிக் கோப்பு மாதிரி ஓடும்.

கொய்யாத்தோட்டம் கராஜில் றெக்ஸ்மன்
பொனற்றைத் திறக்கவில்லை.
என்னைத்தான் பார்த்தான்.
"அண்ணை, யாழ்ப்பாணத்திலை ஏத்தம் எங்கை இருக்கு?"

யோசித்தேன்.
கீரிமலையில் மலை பெயரில் மட்டும்.
பண்ணைப் பாலத்தில் சின்னதாய் ஒரு முதுகு.
மிச்சமெல்லாம்
பள்ளிக்கூடத்து முன்னால் போட்ட வேகத்தடை.

"ஏத்தம் இஞ்சை இல்லை றெக்ஸ்மன்,
காதுக்குள்ளை இருக்கு" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
ஆனால் சாவியை வாங்கிக்கொண்டான்.

எங்கோ அடிபட்ட வான் ஒன்றிலிருந்து
கழற்றி வந்த டேர்போ
சங்கு மாதிரி இருந்தது.
காதில் வைத்துப் பார்த்தேன்.
கடல் இல்லை. பழைய ஒயில் மணம்.

எஞ்சின் வெளியே விடுகிற பெருமூச்சைப் பிடித்து
அதைக்கொண்டே அடுத்த மூச்சை
அழுத்தி உள்ளே தள்ளுமாம்.
காற்றுக் கூடினால் டீசலும் கூட வேணுமாம்.
பம்ப்பில் ஒரு சின்னத் திருகாணி,
அரைச் சுற்று.
வானதி விலை கேட்டாள்.
பாதி சொன்னேன்.

சோதித்துப் பார்க்க மலை வேணும்.
உரும்பிராய்ச் சகலனிடம் போனோம்.
பின்சீற்றைக் கழற்றி
எட்டு மூட்டை சின்ன வெங்காயம் ஏற்றினோம்.
ஸ்பிரிங் முனகியது.
பண்ணைத் தாம்போதியில்
முகத்துக்கு நேரே சோளகம்.
நானூறு கிலோ வெங்காயம்,
கடல் முழுக்கக் காற்று:
யாழ்ப்பாணத்தில் செய்த கடுகண்ணாவ.

மூன்றாம் கியர்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு எங்கேயோ ஒரு மெல்லிய விசில்,
யாரோ பல்லிடுக்கால் காற்றை இழுப்பதுபோல.
பிறகு என் முதுகு
சீற்றோடு ஒட்டியது.
முப்பது வருடத்தில்
முதல் தடவை இந்தக் கார் என்னைத் தள்ளியது.

கரையில் நின்ற கொக்குகள் எல்லாம்
பின்னோக்கிப் போயின.
நான் கத்தினேன் என்று றெக்ஸ்மன் சொல்கிறான்.
எனக்கு ஞாபகமில்லை.
பின்னால் கறுப்புப் புகை,
புகைக்குள் ஒரு மோட்டார்சைக்கிள்,
மோட்டார்சைக்கிளில் தூஷணம்.

"சூட்டு ஊசியைப் பாருங்கோ அண்ணை."
முக்கால் தாண்டி நின்றது.
மண்டைதீவுச் சந்தியில் நிறுத்தி
பொனற்றைத் திறந்தான்.
"இந்த எஞ்சினுக்கு ஹெட் வெடிக்கிற வருத்தம்
பிறப்பிலையே இருக்கு.
ஆசைக்கு ஓடலாம். வீட்டை போக ஏலாது."
திருகாணியைக் கால் சுற்று திருப்பி எடுத்தான்.

"அப்ப கடுகண்ணாவ?"

"பஸ் ஹோர்ன் அடிக்கும்.
அடிக்கேக்கை
நீங்கள் அடுத்த வளைவிலை நிப்பியள்."

போதும்.

இன்னும் போகவில்லை.
லீவு கிடைக்கவில்லை. டீசல் விலை வேறு.
இருந்தாலும் ஆரியகுளம் விளக்கில்
பச்சை விழும்போது
கால் தானாய்க் கொஞ்சம் அழுத்துகிறது.
அந்த விசில் வருகிறது.
பக்கத்து ஓட்டோக்காரன் திரும்பிப் பார்க்கிறான்.

நேற்று பிரேக் அடித்தபோது
சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு வெங்காயம்
உருண்டு வந்து வானதியின் காலில் பட்டது.
எடுத்தாள். மணந்தாள்.
என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"உண்மையா எவ்வளவு?"

கிலோ முந்நூற்று இருபது என்றேன்.